அந்த வேன் ஸ்டார்ட் ஆகாத காலை

தம்பி,

போன வாரம் ஃபோனில் நீ கேட்ட கேள்விக்கு, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் நீ நின்றுகொண்டிருந்த வொர்க்‌ஷாப்பில் யாரோ இரும்பைத் தட்டியதுகூடத் தெளிவாகக் கேட்டது. "அப்பா, அன்னைக்குக் காலைல இந்த வேன் எதனால ஸ்டார்ட் ஆகல? அத மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாய். அதை நீ கேள்வியாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடமாக அது தீர்ப்பாகத்தான் இருந்தது. உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது நீ அந்த வேனில் ஏற மறுத்தாய். பெரிய மாமாவின் காரில் ஏறிக்கொண்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால், "ஒரு வண்டியைக்கூட ஒழுங்கா வெச்சிருக்கத் தெரியல உங்களுக்கு" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டாய். உன் இடத்தில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. செந்தூல் கோயிலில் பூசை முடிந்ததும் மருமகளை அந்த வேனிலேயே வடக்கே கூட்டிப் போய், நாம் போனது போலப் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு, நாம் படுத்தது போல அதன் பலகையிலேயே படுத்து எழுந்து வரப்போவதாகச் சொல்கிறாய். நல்லது. அதற்காக ஆல்டர்னேட்டரை மாற்றினாய், ஸ்டார்ட்டரை மாற்றினாய், பின்பக்க வயர்களைப் பிடுங்கிப் புதிதாக இழுத்தாய். வண்டியில் ஒன்றுமில்லை என்று வொர்க்‌ஷாப்காரன் சொல்கிறான். நீ நம்ப மறுக்கிறாய். ஒரு குறிப்பிட்ட காலையில் அது நின்றுபோனது உனக்குத் தெரியும், அது நின்றதால் உன் அம்மா போனாள் என்பதும் உனக்குத் தெரியும், எனவே அதற்குள் எங்கோ ஒரு கோளாறு ஒளிந்திருந்தாக வேண்டும். இந்த வேகத்தில் போனால் கல்யாணத்துக்குள் வேனில் பழைய பாகம் என்று ஹார்ன் மட்டும்தான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் ஒரு பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். மருமகளும் படிக்கட்டும், பிற்பாடு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மறைக்க வேண்டிய ஒரே ஆள் உன் பெரிய மாமா. அவர் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மின்சாரக் கோளாறு கண்டுபிடிப்பதில் ஒரே ஒரு முறைதான் உண்டு. இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது நிலைமை மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. கேட்க எளிதாக இருக்கும். இதில் உள்ள கஷ்டம், கழற்ற வேண்டியவற்றின் பட்டியலில் எல்லாவற்றையும் சேர்க்க மனம் வர வேண்டும் என்பது. அந்தக் கஷ்டத்தைச் சொல்ல நான் வேன் வாங்கிய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், நீ பள்ளிக்கூடத்துச் சப்பாத்து தேயத் தேய நடந்த காலத்தில், அதை வாங்கினேன். அதற்கு முன் அது ரொட்டி விற்ற வண்டி. மழை பெய்தால் வெகுநாள் வரை உள்ளே ரொட்டி வாசம் வந்தது. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அப்படியொரு வண்டியின் படத்தைப் பார்த்திருந்தேன். அதில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வேனை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும். நானும் பலகை அடித்தேன், மெத்தை போட்டேன், ஒரு குழல் விளக்கு, ஒரு சின்னக் காற்றாடி, ஒரு கேஸ் அடுப்பு வைத்தேன். நம் வண்டி வருடத்துக்கு ஒரு தடவை புக்கிட் மெர்தாஜாம் போய், அன்னம்மாள் கோயில் திருவிழாவில், அதே யோசனை தோன்றிய மற்ற எல்லாத் தமிழ்க் குடும்பங்களின் வேன்களுக்கும் நடுவில், கழிப்பறை வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. மற்ற நாள்களில் என்னைப் போர்ட் கிள்ளானில் இருந்த ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.

வாங்கின வாரமே உன் அம்மா பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்க வைத்தாள். தீர்த்தம் தெளித்த ஈரம் காய்வதற்குள் பெரிய மாமா திரு இருதய ஆண்டவர் படத்தை முன்பக்கம் ஒட்டி, அதன் காலடியில் ஒரு சிவப்புப் பல்பை வைத்தார். உனக்கு அது நினைவிருக்கும். நீ பின்னால் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவாய். நம் வீடுகளில் அந்தப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கை யாரும் அணைப்பதில்லை. கரண்டு பில் எகிறினால் மற்ற விளக்குகளைத் திட்டுவோம். அந்த வழக்கப்படி மாமா வயரைச் சாவியோடு சேர்க்காமல், ஃபியூஸ் பெட்டிக்கும் போகாமல், நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்துத் தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோனார். செந்தூல் ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சுத்தமாகச் செய்திருந்தார். வயர் இருப்பதே தெரியாது.

நான் தினமும் ஓட்டிய வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பல்பு குடித்ததை வண்டி ஓடும்போது பேட்டரி திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் ஓய்வு பெற்றேன், வேன் வாசலில் நிற்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் உன் அம்மாவுக்குக் கால் வீங்கியது. அதற்கு முன்பே களைப்பு இருந்தது. அந்தக் களைப்புக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ரத்தம் குறைவு என்றார் ஒருவர், கேஸ் என்றார் மாமா, வயசாகிறது என்றேன் நான். கடைசியில் டாக்டர், சிறுநீரில் புரதம் பல வருடமாகக் கசிந்திருக்கிறது, கிட்னி இரண்டும் முடிந்துவிட்டன என்றார். நீ கடல் தாண்டி மிரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஃபோனில் அழுதாய். வருகிறேன் என்றாய். வேலையை விடாதே என்று சொன்னது அவள்தான்.

வாரத்தில் மூன்று காலை அவளைக் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் டயாலிசிஸ் நிலையம் வரை கொண்டுபோக வேண்டும். இடம் விட்டால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கிடைக்கக் காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர். போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்து போவாள். ரத்தம் சுத்தம் செய்து வரும்போது துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருப்பாள். உட்கார வைக்க முடியாது. ஏரிக்கரையில் புத்தகம் படிக்க நான் அடித்த பலகை அப்போதுதான் முழு உபயோகத்துக்கு வந்தது. ஃபெடரல் சாலை நெரிசலில் நான் அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்துவேன், பின்னால் காற்றாடிச் சத்தத்தில் அவள் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட அளவு. ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு செபமாலை சொல்லுவாள்.

அந்த வேன் திங்கட்கிழமை காலைகளில் கிளம்ப மறுத்தது. சனி, ஞாயிறு நின்ற வண்டி. சாவியைத் திருப்பினால் ஒரு செருமல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி, அவர் கார் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவேன். அவர் வெளியூர் போயிருந்த ஒரு திங்கட்கிழமை, டாக்சி தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மெஷினில் பாதி நேரம்தான் மிச்சம். அன்றைக்கு முழுக்க அவள் முகம் மஞ்சளாக இருந்தது. கிள்ளானில் ஒரு சீன எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். வண்டியைத் தொடாமலே, "பத்திரி கொங் லா, பாஸ்" என்று பேட்டரிக்குச் சாவு எழுதினான். புதிது போட்டோம். அது கொஞ்ச நாள் மரியாதையாக நடந்துகொண்டது, பிறகு குடும்பப் பழக்கத்துக்கு வந்தது. மாமா வந்து பார்த்து, "எர்த்து சரியில்ல மாப்பிள்ளை" என்றார். அவருக்கு உலகத்தில் எது கெட்டாலும் எர்த்துதான். நீ ஃபோனில், பேசாமல் டாக்சியிலேயே போங்கள் என்றாய். டாக்சியில் அவளைப் படுக்க வைக்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்குக் கவலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமாவும் நானும் உட்கார்ந்தோம். பேட்டரி முன் சீட்டுக்கு அடியில். அதன் ஒரு முனையிலிருந்து கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பல்பை வைப்பது என் திட்டம். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தால் அது எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஏதோ குடிக்கிறது என்று அர்த்தம். இதை ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். உன் அம்மா வேனுக்குள் பலகையில் சாய்ந்து, படத்தைப் பார்த்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சா?" என்றார் மாமா.

"அணைச்சாச்சு."

"ஹெட்லைட்டு?"

"அணைஞ்சிருக்கு."

"காத்தாடி? குழல் லைட்டு?"

"அணைஞ்சிருக்கு."

"ரேடியோ?"

"அது போன வருஷமே செத்துப் போச்சு."

"அப்ப வைங்க."

இதையெல்லாம் நாங்கள் பேசியபோது எங்கள் இருவர் முகத்திலும் சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நான் பல்பை வைத்தேன். அது எரிந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினோம். எரிந்தது. ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றினோம். அப்போதும் எரிந்தது. மாமா எர்த்து என்று ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து உன் அம்மா குரல் கொடுத்தாள்.

"என்னங்க, ஆண்டவர் லைட்டு மங்குது. என்ன பண்றீங்க அங்க?"

நான் பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை நேராக வைத்துப் பிடித்தேன். "இப்ப?"

"இப்ப சரியாயிடுச்சு."

மறுபடி பல்பை நடுவில் வைத்தேன். "இப்ப?"

"மறுபடி மங்குது. சாமி விஷயத்துல வெளையாடாதீங்க."

என் கையிலிருந்த பல்பும் ஆண்டவர் காலடியில் இருந்த பல்பும் ஒரே கரண்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. இது எரிந்ததால் அது மங்கியது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு, "அது எப்படி மாப்பிள்ளை கணக்குல வரும்? அது சாமி லைட்டு லா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அணைக்க வேண்டியவற்றைத்தான் நாங்கள் இருவரும் எண்ணினோம். அணைக்கக் கூடாதது எங்கள் எண்ணிக்கையிலேயே இல்லை. கோயில் பக்கம் அதிகம் ஒதுங்காத எனக்கும் அது கணக்கில் வரவில்லை.

அந்த வயரைச் சாவியோடு சேர்த்துவிடுகிறேன், வண்டி ஓடும்போது மட்டும் எரியட்டும் என்றேன். உன் அம்மா சம்மதிக்கவில்லை. "ஓடும்போது நீங்க முழிச்சிட்டிருக்கீங்க. நிக்கும்போதுதான் அவர் முழிச்சிருக்கணும்" என்றாள். மாமா, வேண்டுமானால் பெரிய பேட்டரியாகப் போடலாம் என்றார். கடைசியில் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். வீட்டுக் கரண்டிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ஜன்னல் வழியாக வயர் இழுத்து, அந்தப் பல்புக்கு இரண்டு கிளிப் போட்டேன். வேன் வாசலில் நிற்கும்போது வீட்டுக் கரண்டு, கிளம்பும்போது பேட்டரி. கிளிப்பை மாற்றும் அந்த ஒரு கணம் விளக்கு அணையும். அப்போது அவள் கதவோரம் நின்று சிலுவை போட்டுக்கொள்வாள். நாத்திகன் என்று ஊரில் பேர் வாங்கியவன் அணையா விளக்குக்கு மாற்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். இதை என் நண்பர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

இனி வருவதைக் கவனமாகப் படி. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அந்த வேன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மழையில், நோன்புப் பெருநாள் நெரிசலில், பேட்டரி வயதாகிப் போன பிறகும், சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பந்திங்கிலிருந்து வரும் ஒரு பெண் இருப்பாள். இரண்டு பேரும் சாப்பிடக் கூடாத பதார்த்தங்களைப் பற்றி நாலு மணி நேரம் பேசுவார்கள். ஒரு காலையில் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். உன் அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் என்னிடம், "புது ஆளு. பாவம், இப்பத்தான் ஆரம்பிக்கிறாரு" என்றாள். அதன் பிறகு செபமாலையைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டாள். இடது கையில், மெஷினுக்கு ஊசி குத்த ஆபரேஷன் செய்து வைத்த நரம்பு மோட்டார் மாதிரி அதிரும். சின்னப் பிள்ளையாக இருந்தால் நீ தொட்டுப் பார்த்துச் சிரித்திருப்பாய். அவள் அந்தக் கையை வலது கையால் மூடி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கிளிப்பை மாற்ற வேனுக்குப் போனேன். படம் இருட்டாக இருந்தது. கிளிப்பைப் பார்த்தேன், சரி. வயரைச் சோதித்தேன், ஹோல்டர் வரை கரண்டு வருகிறது. ஹோல்டரில் பல்பு இல்லை. உள்ளே போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புடவை மாற்றவில்லை.

"நேரமாச்சு. படத்துப் பல்பைக் காணோம்."

"எங்கிட்ட இருக்கு." கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

"எதுக்குக் கழட்டினே?"

"இனிமே வேணாம். நான் போகல."

"இன்னைக்கா?"

"இன்னைக்கும்தான்."

எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். படித்தது, படிக்காதது எல்லாம் சொன்னேன். கோபப்பட்டேன், கெஞ்சினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "நீங்க சாமி இல்லன்றவரு. நான் இருக்குன்றவ. ரெண்டு பேர்ல பயப்பட வேண்டியது நான். எனக்கே பயமில்ல, நீங்க ஏன் வேர்த்துப் போய் நிக்கிறீங்க?" என்றாள். சாமியாரிடம் முன்பே கேட்டுவிட்டாளாம். வைத்தியத்தை நிறுத்துவது பாவமில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். ஆனால் சாமியார்கள் மாற்றலாகிப் போவார்கள். அண்ணன் நிரந்தரம். தங்கை தானாகவே செத்தாள் என்று அவர் மனசில் விழுந்தால் அவர் தாங்கமாட்டார், ஊரையும் தாங்க விடமாட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றேன்.

"வேன் ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லுங்க. அதுக்கு ஏற்கெனவே கெட்ட பேரு. இன்னும் கொஞ்சம் சேர்ந்தா ஒண்ணும் ஆகாது."

"தம்பிகிட்ட?"

அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். "அதையே சொல்லுங்க. அவனுக்குன்னு ஒருத்தி வந்தப்புறம், அண்ணனும் இல்லாதப்போ, நெசத்தச் சொல்லுங்க. இப்பச் சொன்னா என் மேல கோவப்படுவான். செத்தவ மேல பட்ட கோவத்த எங்க கொண்டு போய் வைப்பான்? உங்க மேலன்னா நீங்க இருக்கீங்க."

நான் இருந்தேன். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மாமாவிடமும் உன்னிடமும் திங்கட்கிழமை வேன் நின்றுவிட்டது, அதற்குள் காய்ச்சல் கண்டு நிலைமை கைமீறிவிட்டது என்று சொன்னேன். நீ மிரியிலிருந்து வந்து இறங்கியபோது அவளுக்குப் பேச்சு போய்விட்டது. உன் கையை எடுத்துத் தன் இடது கை மேல் வைத்துக்கொண்டாள். அதை நீ வலி என்று நினைத்தாய். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் என் கணிப்புகள் சரியாக இருந்த வரலாறு குறைவு.

நான் சொன்ன பொய்க்கு வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. மறுபடி கேட்டாலும் அதையே சொல்லியிருப்பேன். நீ என் மேல் வைத்திருந்த கோபம் பத்திரமாக இருந்தது, உபயோகமாகவும் இருந்தது. இப்போது அதை இறக்கி வைக்க இடம் தேடுவாய். உடனே கிடைக்காது. மருமகளிடம் கொட்டாதே. அவள் ஒன்றும் செய்யவில்லை. வொர்க்‌ஷாப்காரனிடமும் கொட்டாதே. அவன் உண்மையைத்தான் சொன்னான். உன் அம்மாவின் மேல் கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் வந்தது. இன்னும் திங்கட்கிழமைகளில் வருகிறது.

பஞ்சு சுற்றி இதோடு அனுப்புவது அந்தப் பல்புதான். நீ தரைவிரிப்புக்கு அடியில் பார்த்து, வெட்டிவிடலாமா என்று கேட்டாயே, அந்த வயர் இதற்குப் போவதுதான். இப்போதும் நேராகப் பேட்டரியோடுதான் இருக்கிறது. மாட்டினால் எரியும். எரிந்தால், வேனைச் சும்மா நிறுத்தி வைத்த வாரத்தில் பேட்டரி இறங்கிப் போகும். அது கோளாறு இல்லை, எவனிடமும் கொண்டுபோய்க் காட்டாதே. மாட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

நீ கேட்ட கேள்விக்கு நேரான பதிலை இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில், பேசி முடித்த பிறகு, எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. எஞ்சின் சத்தம் கேட்டு அவள் மனசு மாறி எழுந்து வருவாளோ என்று, இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். எஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஜன்னல் பக்கம் அவள் குரல் கேட்டது.

"நல்லா ஓடுதுங்க. அணைச்சிடுங்க, பக்கத்து வீட்டுல துணி காயப் போட்டிருக்காங்க."

அணைத்தேன்.

அப்பா